புளோரிடா குரூஸுக்கு முன்னும் பின்னும் கடற்கரை ஹோட்டல்: குடும்பத்தோடு போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

எந்தக் கப்பல், எந்த அறை, எந்தத் தீவு என்று மாதக்கணக்கில் அலசுகிறவர்கள்கூட, கப்பல் ஏறுவதற்கு முந்தைய இரவும் இறங்கிய பிறகான இரவும் எங்கே தங்குவது என்பதைக் கடைசி வாரத்தில் அவசரமாக முடிப்பார்கள். படத்தில் நீலக் கடல் தெரிகிற ஒரு ஹோட்டலைப் பிடித்து, இரண்டு பக்கமும் அதையே போட்டுவிடுவார்கள்.

நான் அப்படிச் செய்யச் சொல்ல மாட்டேன். முந்தைய இரவுக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சுத்தமான, சாதாரணமான ஒரு ஹோட்டல் போதும். கடற்கரைக்கென்று எடுத்து வைத்த காசை, கப்பலிலிருந்து இறங்கும் நாளுக்குச் செலவழியுங்கள். ஏன் என்பதைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன். உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது ஆர்லாண்டோவுக்குக் கிழக்கே உள்ள போர்ட் கேனவரல் துறைமுகமும், அதை ஒட்டிய கோகோ பீச்சும். டிஸ்னி கப்பல்களும் ராயல் கரீபியன், கார்னிவல் கப்பல்களும் புறப்படும் இடம் என்பதால் குழந்தைகளோடு போகிறவர்கள் அதிகம் வந்து சேர்வது இங்கேதான். அதே கரையில் தெற்கே உள்ள கப்பல் துறைமுக ஊர்களான ஃபோர்ட் லாடர்டேல், மயாமி பற்றியும் நடுவில் சொல்கிறேன்.

முதல் படி: கடிகாரத்தைப் பாருங்கள், அப்புறம் ஹோட்டலைப் பாருங்கள்

கப்பல் ஏறும் நாளில் பொதுவாகக் காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரை பயணிகளுக்கு நேரம் ஒதுக்கித் தருவார்கள். மாலை 4 மணியை ஒட்டிக் கப்பல் கிளம்பும். அதற்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் முன்பே கதவை மூடிவிடுவார்கள். ஹோட்டலை 11 மணிக்குக் காலி செய்ய வேண்டும். இந்த இரண்டும் நன்றாகப் பொருந்துகின்றன. எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பெட்டியைக் கட்டிக் கிளம்பினால் நேரம் சரியாக இருக்கும். கடலில் இறங்கிவிட்டு வந்து, குழந்தைகளின் காலில் ஒட்டிய மணலைக் கழுவி, ஈரத்துணியைப் பெட்டிக்குள் திணிப்பதற்கு அந்தக் காலையில் இடமே இல்லை.

முந்தைய மாலையும் அப்படித்தான். நியூஜெர்சியிலிருந்தோ டல்லாஸிலிருந்தோ விமானத்தில் வந்து, பெட்டி எடுத்து, ஆர்லாண்டோ விமான நிலையத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் கிழக்கே வந்து சேரும்போது பெரும்பாலும் இருட்டிவிடும். டிசம்பரில் மாலை ஐந்தரைக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. கடலுக்கு நேரே அறை எடுத்தும் கண்ணுக்குத் தெரிவது கறுப்பு, காதில் விழுவது இரைச்சல், அவ்வளவுதான். அதற்கு நூறு டாலர் கூடுதலாகக் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

இறங்கும் நாளில் கதை வேறு. விடியும்போதே கப்பல் துறைமுகத்துக்கு வந்துவிடும். தங்கள் பெட்டியைத் தாங்களே தூக்கிக்கொண்டு இறங்குகிறவர்கள் 7, 7.30 மணிக்கே வெளியே வந்துவிடலாம். மற்றவர்கள் 9, 10 மணிக்குள். ஒரு முழுப் பகல் கையில் இருக்கிறது, எந்தக் கப்பலையும் பிடிக்க வேண்டியதில்லை. கப்பலை விட்டு இறங்கிய குழந்தைகளின் முகம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் கடற்கரை ஒன்று எதிரே இருந்தால் அழுகை அரை மணியில் அடங்கும்.

முந்தைய நாளே ஊருக்கு வந்துவிட வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். வந்துவிட வேண்டும். குளிர்காலத்தில் வடக்கே பனி, கோடையில் புளோரிடாவில் பிற்பகல் இடிமழை. எது வந்தாலும் விமானம் தாமதமாகும், கப்பல் காத்திருக்காது. இரண்டு நாள் முன்பே வர முடிகிறவர்கள் மட்டும் என் கணக்கை மாற்றிக்கொள்ளலாம். நடுவில் ஒரு முழு நாள் கிடைப்பதால் அவர்களுக்கு முன்பக்கத்திலும் கடற்கரை ஹோட்டல் நியாயம்தான்.

இரண்டாம் படி: வரைபடத்தைத் திறந்து தண்ணீரைத் தேடுங்கள்

இங்கே ஊர்ப் பெயர்களே ஆளைக் கவிழ்க்கும். கோகோ வேறு, கோகோ பீச் வேறு. கோகோ நிலப்பகுதியில், ஐ-95 நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கிற ஊர். கோகோ பீச், இந்தியன் ரிவர், பனானா ரிவர் என்ற இரண்டு நீர்ப்பரப்புகளைத் தாண்டி, கடலோரத் தீவுத்திட்டில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே பாலங்களும் இருபது நிமிடத்துக்கு மேல் கார்ப் பயணமும் உண்டு. விலை குறைவாக இருக்கிறதே என்று "கோகோ"வில் அறை போட்டுவிட்டு, காலையில் ஜன்னலைத் திறந்தால் நெடுஞ்சாலைதான் தெரியும்.

கேப் கேனவரல் என்பது துறைமுகத்துக்குத் தெற்கே ஒட்டியுள்ள சிறிய நகரம். அதற்கும் தெற்கே கோகோ பீச். துறைமுகப் பெயரைத் தாங்கிய ஹோட்டல்களில் பல, கப்பலுக்குப் பக்கமே தவிர கடலுக்குப் பக்கம் அல்ல. முந்தைய இரவுக்கு அவை பொருத்தமானவை. பிந்தைய நாளுக்கு, ஏ1ஏ சாலைக்குக் கிழக்கே இருப்பதாகப் பார்த்துத் தேடுங்கள். அந்தச் சாலை கரையை ஒட்டியே வடக்கு தெற்காக ஓடுகிறது. அதன் கிழக்குப் பக்கம் இருந்தால் சாலையைக் கடக்காமல் மணலுக்குப் போகலாம். மேற்குப் பக்கம் இருந்தால், கையில் குழந்தை, தோளில் குடை, இடுப்பில் டப்பாவோடு பல தடச் சாலையைக் கடக்க வேண்டும். ஹில்டன் கோகோ பீச் ஓஷன்ஃபிரன்ட், டபுள்ட்ரீ, கடலுக்குள் நீளும் நடைமேடைக்கு (பியர்) அருகில் உள்ள பெஸ்ட் வெஸ்டர்ன் போன்றவை மணலை ஒட்டியவை. சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள சில ஹோட்டல்களில் பெரிய நீச்சல் குளம், தண்ணீர் விளையாட்டு என்று வேறு கவர்ச்சி இருக்கும். ஐந்து வயதுக் குழந்தைக்குக் கடலைவிட அந்தக் குளம்தான் பிடிக்கப்போகிறது என்றால் அதையே எடுங்கள், தப்பில்லை.

ஃபோர்ட் லாடர்டேலில் இந்தச் சாலை விஷயம் இன்னும் முக்கியம். படத்தில் கடலோரமாகத் தெரியும் உயர்ந்த கட்டடங்கள் பெரும்பாலும் ஏ1ஏ சாலைக்கு மேற்கே இருக்கின்றன. நேராக மணலில் இறங்குகிற மாதிரி இருப்பவை சிலவே: மேரியட் ஹார்பர் பீச், லாகோ மார், பெலிகன் கிராண்ட் ஆகியவற்றைச் சொல்லலாம். அங்கே வேறொரு வசதி உண்டு. விமான நிலையம், எவர்கிளேட்ஸ் துறைமுகம், கடற்கரை மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில். விமான நிலையத்திலிருந்து துறைமுகத்துக்குப் பத்து நிமிடம் போதும். அதனால் அந்த ஊரில் மட்டும் "இரண்டு பக்கமும் ஒரே ஹோட்டல்" என்பதை ஒத்துக்கொள்வேன். சற்றுத் தெற்கே ஹாலிவுட் பீச்சில் வண்டி வராத நடைபாதை கடலை ஒட்டிச் சுமார் 4 கிலோமீட்டர் ஓடுகிறது. தள்ளுவண்டிக் குழந்தை, மெதுவாக நடக்கும் தாத்தா பாட்டி இருக்கிற குடும்பத்துக்கு மூன்று ஊர்களில் அதுதான் என் முதல் தேர்வு.

மயாமி பீச்சில் ஓஷன் டிரைவ் ஹோட்டல்களுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சாலையும் லம்மஸ் பூங்காவும் உண்டு. மணலோடு ஒட்டியவை காலின்ஸ் அவென்யூவின் கிழக்குப் பக்கத்தில். இரவு முழுக்கப் பாட்டும் கூச்சலும் கேட்கும் தெருக்கள் அவை. கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். ஆனால் தெற்கு முனையில் உள்ள சவுத் பாயின்ட் பூங்காவிலிருந்து, கப்பல்கள் கண்ணெதிரே கடலுக்குள் நகர்வதைப் பார்ப்பது தனிச் சுகம்.

மூன்றாம் படி: "ஓஷன்" என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன வருகிறது?

ஹோட்டலே கடலை ஒட்டியிருக்கலாம். உங்களுக்குக் கிடைக்கும் அறை கார் நிறுத்தத்தைப் பார்த்து இருக்கலாம். அறை வகைகளைப் பட்டியலில் இறங்கிப் படியுங்கள். "ஓஷன்ஃபிரன்ட்" அறை என்றால் பால்கனி நேராகக் கடலைப் பார்க்கும். "ஓஷன் வியூ" என்றால் பக்கவாட்டில் நின்று கடல் தெரியலாம். "பார்ஷியல் ஓஷன் வியூ" என்றால் பால்கனியின் ஓரத்துக்குப் போய்க் கழுத்தை நீட்ட வேண்டும். "பீச் ஆக்சஸ்" என்பதற்கு, பக்கத்தில் எங்கோ கடலுக்குப் போக வழி இருக்கிறது என்பதற்கு மேல் பொருள் இல்லை.

அந்த வழி எல்லாருக்கும் உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். புளோரிடாவில் சராசரி உயர் ஓதக் கோட்டுக்கு, அதாவது கடல் ஏறும்போது தண்ணீர் வழக்கமாக எட்டும் கோட்டுக்கு, கீழே உள்ள ஈர மணல் பொதுச்சொத்து. கோகோ பீச்சில் லோரி வில்சன் பூங்கா போன்ற இடங்களில் கழிப்பறை, கால் கழுவக் குழாய், மணலுக்கு மரப்பாதை எல்லாம் இருக்கின்றன. சாலைக்கு மேற்கே மலிவான ஹோட்டலில் தங்கிவிட்டு இப்படி ஒரு பூங்காவில் முழு நாளையும் கழிக்கலாம். அப்படியானால் கடற்கரை ஹோட்டலுக்கு எதற்குக் கூடுதல் காசு? குழந்தை திடீரென்று "பாத்ரூம்" என்று சொல்லும் அந்தக் கணத்துக்கும், மதியம் ஒருவர் தூங்க ஒருவர் விளையாடுவதற்கும்தான். அது தேவையா என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் வயதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பத்து வயதுக்கு மேல் என்றால் நான் யோசிப்பேன்.

திசையும் கவனிக்க வேண்டியது. புளோரிடாவின் இந்தக் கரையில் சூரியன் கடலில் உதிக்கும், நிலத்தில் மறையும். சென்னைக்காரர்களுக்குப் பழகிய திசைதான். காலை வெயில் பால்கனிக் கதவு வழியே படுக்கையில் விழும். பிற்பகலில் உயரமான கட்டடத்தின் நிழல் மணலில் விழுவதால், மாலை 4 மணிக்கு மேல் குழந்தைகளை விளையாட விட அந்தப் பக்கம் சுகமாக இருக்கும். சூரிய அஸ்தமனம் பார்த்துக்கொண்டே டிபன் சாப்பிடலாம் என்ற கனவுக்கு வேறு கரை வேண்டும்.

நான்காம் படி: எத்தனை பேர், எப்படிப்பட்டவர்கள்?

நம் குடும்பங்களில் ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவும் சேர்ந்துவிடுவார்கள். ஆறு பேர் ஆகிவிடும். ஹோட்டல் அறைகளில் வழக்கமான உச்சவரம்பு நான்கு பேர். தீயணைப்பு விதி என்பதால், சின்னக் குழந்தைதானே என்று சொன்னாலும் கணக்கில் வைப்பார்கள். இரண்டு அறை எடுக்கும்போது "அட்ஜாய்னிங்" என்று போட்டிருந்தால் அடுத்தடுத்த அறை என்பதற்கு மேல் உறுதியில்லை. நடுவில் உள்கதவு வேண்டுமென்றால் "கனெக்டிங்" என்று கேட்க வேண்டும். இணையத்தில் போட்டால் அது வெறும் வேண்டுகோளாகவே நிற்கும். ஹோட்டலுக்கே நேராகப் போன் செய்து, அறைகள் இணைக்கப்பட்டதாக உறுதி மின்னஞ்சல் வாங்குங்கள்.

மூட்டுவலி உள்ளவர்கள் இருந்தால் இன்னொரு கேள்வி: அறையிலிருந்து மணலுக்குப் போகும் வழியில் எத்தனை படிக்கட்டு? இந்தக் கரையில் கடலுக்கு முன்னால் மணல்மேடு உண்டு. அதை மிதிக்கக் கூடாது என்பதால் மேலே மரப்பாலம் போட்டிருப்பார்கள். சிலவற்றில் சாய்தளம், சிலவற்றில் ஏறி இறங்கும் படிகள். புயலுக்குப் பிறகு அடிப்படி மண்ணரித்துத் தொங்கிக்கொண்டு நிற்பதும் உண்டு. அண்மைய விருந்தினர் படங்களைப் பார்த்தால் இது தெரிந்துவிடும். ஹோட்டலின் சொந்தப் படங்களில் எந்தப் படியும் உடைந்திருக்காது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் உயரத் தளப் பால்கனியைத் தவிருங்கள். காட்சி குறைந்தாலும் கீழ்த்தளத்தில் நிம்மதியாகத் தூங்கலாம்.

சாப்பாடு. கப்பலில் ஒரு வாரம் பாஸ்தாவும் ரொட்டியும் தின்ற வாய்க்கு, இறங்கிய நாள் ஒரு பிடி தயிர்சாதம் கிடைத்தால் சொர்க்கம். ஆர்லாண்டோவில் தென்னிந்திய உணவகங்கள் உண்டு. கோகோ பீச்சில் அதை நம்பிப் போகாதீர்கள். சமையல் மேடையோடு வரும் அறை, ரெசிடென்ஸ் இன் மாதிரி ஹோட்டல்களில் கிடைக்கும். பப்ளிக்ஸ் கடையில் அரிசி, தயிர், காய்கறி எல்லாம் வாங்கிவிடலாம். ஊறுகாயைப் பெட்டியில் கொண்டுவாருங்கள். மேடை இருக்கிறதே என்று கடுகு மட்டும் தாளிக்காதீர்கள். புகை உணரி அலறினால் மொத்தத் தளமும் நள்ளிரவில் மாடிப்படியில் நிற்கும்.

பிந்தைய ஹோட்டலில் விருந்தினர் துணி துவைக்கும் இயந்திரம் இருக்கிறதா என்று கேட்பதையும் நான் விடமாட்டேன். உப்புத் தண்ணீரில் ஊறிய ஒரு வாரத் துணியை வீடு வரைக்கும் சுமப்பானேன்?

ஐந்தாம் படி: மொத்த விலை

2025 மே 12 முதல் அமெரிக்காவில் ஹோட்டல்கள் ரிசார்ட் கட்டணம் போன்ற கட்டாயக் கட்டணங்களை முதலில் காட்டும் விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும் என்ற மத்திய வர்த்தக ஆணைய விதி நடைமுறைக்கு வந்தது. இது பெரிய நிம்மதி. முன்பெல்லாம் கடைசிப் பக்கத்தில்தான் அந்தத் தொகை எட்டிப் பார்க்கும். ஆனால் அரசு வரி இன்னும் தனியாக வரலாம். கோகோ பீச் இருக்கும் பிரெவர்ட் மாவட்டத்தில் விற்பனை வரியும் சுற்றுலா வரியும் சேர்ந்து சுமார் 12 சதவீதம். கார் நிறுத்தம் விருப்பச் செலவு என்ற கணக்கில் வெளியே நிற்கும். மயாமி பீச்சில் இந்த ஒன்றே தலையைச் சுற்ற வைக்கும். கடற்கரை நாற்காலியும் குடையும் ரிசார்ட் கட்டணத்தில் அடக்கமா, தனியா என்றும் கேளுங்கள்.

காலைச் சாப்பாடு இலவசமாகத் தரும் சாதாரண ஹோட்டல், ஆறு பேருக்கு முந்தைய இரவில் மிச்சப்படுத்தும் தொகை சின்னதல்ல. கப்பலில் மதியச் சாப்பாடு தயாராக இருக்கும். ஆக, அன்று காலை இட்லி இல்லாவிட்டாலும் ஒரு வாஃபிளும் முட்டையும் போதும்.

ஆறாம் படி: விமான நிலையம், ஹோட்டல், கப்பல்

அட்லாண்டா, ஷார்லட் பக்கத்திலிருந்து சொந்தக் காரில் வருகிறவர்களுக்குக் காரை எங்கே விடுவது என்பதுதான் கேள்வி. துறைமுகத்தில் விட்டால் நாள் கணக்கில் கட்டணம். ஏறும் நாளும் இறங்கும் நாளும் சேர்த்தே எண்ணுவார்கள், எனவே 7 இரவுப் பயணத்துக்கு 8 நாள் காசு. "பார்க் அண்ட் குரூஸ்" என்ற பெயரில் ஓர் இரவு தங்கினால் காரை வைத்துக்கொள்ள இடமும் துறைமுகத்துக்கு வண்டியும் தரும் ஹோட்டல்கள் இந்தப் பகுதியில் நிறைய. அதை எடுக்குமுன் மூன்றே கேள்வி: கார் ஹோட்டலிலேயே நிற்குமா, வேறெங்காவது கொண்டுபோய் விடுவார்களா? வண்டிக் கட்டணம் குடும்பத்துக்கா, தலைக்கா? திரும்பி வரும்போதும் அழைத்து வருவார்களா? ஆறு பேருக்குத் தலைக்கு இவ்வளவு என்று வாங்கினால், துறைமுகத்தில் நிறுத்துவதே மலிவாகிவிடும். போட்டுப் பாருங்கள்.

விமானத்தில் வருகிறவர்களுக்கு ஆர்லாண்டோவிலிருந்து ஊபர், முன்பதிவு வேன், ஒருவழி வாடகைக் கார் என்று மூன்று வழி. ஆறு பேரும் பத்துப் பெட்டியும் என்றால் வேன்தான். 528 எண் பீச்லைன் சாலையில் சுங்கம் உண்டு. வாடகைக் கார் நிறுவனத்தின் சுங்கக் கருவிக்கு நாள் கட்டணம் தராமல், விமான நிலையத்திலேயே கிடைக்கும் விசிட்டர் டோல் பாஸ் வாங்கிக்கொள்ளலாம். புளோரிடாச் சட்டப்படி 5 வயது வரை குழந்தைக்குத் தகுந்த இருக்கை வேண்டும். வாடகை வண்டி ஓட்டுநருக்கு அந்தப் பொறுப்பு இல்லை, பெற்றோர்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். மடக்குகிற பூஸ்டர் இருக்கை ஒன்று கையில் இருந்தால் நான்கு, ஐந்து வயதுக்காரர்களுக்கு விமான நிலையம், துறைமுகம், ஹோட்டல் எல்லாவற்றுக்கும் உதவும்.

ராக்கெட் அட்டவணையையும் பாருங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கென்னடி விண்வெளி மையம் பக்கத்தில்தான். பெரிய ஏவுதல் இருக்கிற நாளில் ஹோட்டல் விலை ஏறும், சாலை நிரம்பும். 2022 ஜனவரியில் ஒரு சொகுசுக் கப்பல் தடைசெய்யப்பட்ட கடற்பகுதிக்குள் வந்துவிட்டதால் ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட்டை அன்று விட முடியாமல் போன கூத்தும் நடந்திருக்கிறது. அதே சமயம், நீங்கள் தங்கும் இரவில் ஓர் ஏவுதல் அமைந்தால் கடற்கரை மணலில் உட்கார்ந்தே பார்க்கலாம். அதற்கு எந்த அறை வகையும் வாங்க வேண்டாம்.

ஏழாம் படி: இறங்கிய நாளின் ஆறு மணி நேரம்

பலர் திட்டமிடாமல் விடுவது இந்த இடைவெளியைத்தான். கப்பலிலிருந்து 9 மணிக்கு வெளியே வருகிறீர்கள். ஹோட்டல் அறை 3 அல்லது 4 மணிக்குத்தான் கிடைக்கும். பயணம் முடிந்த களைப்பு, கையில் பெட்டி, தூக்கம் வராத குழந்தை. இதைச் சமாளிக்கிற ஹோட்டலாகப் பார்த்து எடுப்பதுதான் இந்தத் தேர்வின் உயிர்நாடி. அறைக் காட்சியைவிட இதற்கு நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

பதிவு செய்வதற்கு முன் ஹோட்டலுக்குப் போன் செய்து இப்படிக் கேளுங்கள்: "நாங்கள் காலை 9.30க்கு வந்துவிடுவோம். பெட்டிகளை வைத்துக்கொள்வீர்களா? அறை கிடைக்கும் வரை நீச்சல் குளத்தைப் பயன்படுத்தலாமா? உடை மாற்றவும் குளிக்கவும் இடம் உண்டா? சீக்கிரம் அறை தருவதற்குக் கட்டணம் எவ்வளவு?" பதில் சொல்கிறவரின் குரலிலேயே பாதி தெரிந்துவிடும். குளத்தை அறை கிடைத்த பிறகுதான் தருவோம் என்றால், அந்த ஹோட்டலை விட்டுவிடுவேன்.

கப்பலின் கடைசி இரவில் பெரிய பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். அதற்கு முன் நீச்சலுடை, துண்டு, செருப்பு, வெயில் களிம்பு, ஒரு மாற்றுடை ஆகியவற்றைத் தோள்பையில் எடுத்து வைத்துவிடுங்கள். ஹோட்டலில் பெட்டியைக் கொடுத்த கையோடு மணலுக்குப் போய்விடலாம். மருந்தும் பாஸ்போர்ட்டும் எப்போதும் தோள்பையில்தான். முந்தைய ஹோட்டலின் அறைப் பெட்டகத்தில் பாஸ்போர்ட்டை வைத்துவிட்டுக் கப்பல் வாசலில் போய் நினைத்துப் பார்ப்பது நடக்கக்கூடிய விபரீதம். பெட்டகத்துக்குள் ஒரு காலணியையும் சேர்த்து வைத்தால் மறக்க முடியாது.

கைக்குழந்தையோ, உடம்பு முடியாத பெரியவரோ இருந்தால் வேறு வழி: முந்தைய இரவிலிருந்தே அறையைப் பதிவு செய்து, "மறுநாள் காலைதான் வருவோம்" என்று குறிப்பு எழுதி உறுதிப்படுத்திக்கொள்வது. ஓர் இரவு காசு வீண் என்று தோன்றும். 9.30 மணிக்குக் கட்டிலில் படுத்ததும் அந்த எண்ணம் போய்விடும். குறிப்பு எழுதாமல் விட்டால், வரவில்லை என்று அறையை ரத்து செய்துவிடும் ஆபத்து உண்டு.

அன்றே ஊர் திரும்ப வேண்டியவர்கள், மாலை விமானம் என்றால், ஒரு பகலுக்கு மட்டும் குளமும் நாற்காலியும் தரும் பகல்நேர அனுமதிச் சீட்டைப் பாருங்கள். ரிசார்ட்பாஸ் போன்ற தளங்களில் விற்கிறார்கள். இல்லையென்றால் துறைமுக வாயிலிலேயே இருக்கும் ஜெட்டி பூங்கா. உள்ளே போகக் கட்டணம் உண்டு. கடற்கரையும் மீன்பிடி மேடையும் இருக்கின்றன. பிற்பகலில் அடுத்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் வெளியேறுவதை மேடையிலிருந்து பார்க்கலாம்.

எட்டாம் படி: எந்த மாதம்?

டிசம்பர் விடுமுறையில் கோகோ பீச் கடல் குளிர்ந்திருக்கும். ஜனவரியில் தண்ணீர் 16, 18 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும். குழந்தைகள் கணுக்கால் நனைத்துவிட்டு ஓடிவந்துவிடுவார்கள். தெற்கே மயாமி, ஃபோர்ட் லாடர்டேல் பக்கம் கல்ஃப் ஸ்ட்ரீம் என்ற வெந்நீரோட்டம் கரையை நெருங்கி ஓடுவதால் அப்போதும் 22 டிகிரியை ஒட்டி இருக்கும். எனவே குளிர்காலத்தில் கேனவரல் பக்கம் தங்கினால் குளம் சூடாக்கப்பட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் காசு கட்ட வேண்டும்.

மார்ச் 1 முதல் அக்டோபர் 31 வரை பிரெவர்ட் கரையில் கடலாமைகள் முட்டையிடும் காலம். கடல் பக்க விளக்குகளை மறைத்தோ அணைத்தோ வைக்க வேண்டும் என்பது அங்கே விதி. இரவில் பால்கனித் திரையை மூடச் சொல்வார்கள். மணலில் கைபேசி விளக்கைப் போடாதீர்கள். பகலில் பிள்ளைகள் தோண்டிய குழியைக் கிளம்பும்போது மூடிவிடுங்கள், ஆமை விழுந்தால் ஏற முடியாது.

கொடிகளின் நிறத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பச்சை என்றால் அமைதி, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் ஆபத்து, இரண்டு சிவப்பு என்றால் தண்ணீரில் இறங்கவே கூடாது. ஊதா என்றால் ஜெல்லி மீன் மாதிரி கடிக்கும் கொட்டும் உயிரினங்கள் வந்திருக்கின்றன. ஆளைக் கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துப் போகும் இழுப்பு நீரோட்டம் இங்கே சாதாரணம். அலைச்சறுக்கு வீரர் கெல்லி ஸ்லேட்டர் பிறந்து வளர்ந்த ஊர் இது என்றால் அலை எப்படி இருக்கும் என்று புரிந்துகொள்ளலாம். உயிர்காப்பாளர் கோபுரம் உள்ள இடத்தில் மட்டும் இறக்குங்கள், அது ஹோட்டல் வாசலிலிருந்து சிறிது தள்ளி இருந்தாலும்.

ஒன்பதாம் படி: எப்படிப் பதிவு செய்வது?

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம். 2024 அக்டோபரில் மில்டன் சூறாவளி வந்தபோது போர்ட் கேனவரல் மூடப்பட்டது, கப்பல்களின் அட்டவணையே கலைந்தது. புயல் வந்தால் கப்பல் ஒரு நாள் தாமதமாகத் திரும்பலாம். அதனால் பிந்தைய இரவுக்கு, பணம் திரும்பக் கிடைக்கும் விலையில் மட்டுமே பதிவு செய்யுங்கள். முன்பணம் கட்டினால் 15 டாலர் குறைவு என்ற ஆசையில் விழ வேண்டாம். ரத்து செய்யக் கடைசி நேரம் எப்போது என்று பாருங்கள். 72 மணி நேரம் என்று போட்டிருந்தால், நடுக்கடலில் இருக்கும்போதே அது கடந்துவிடும். கப்பலில் இணையம் வாங்காதவர்கள், தேவைப்பட்டால் ஊரிலிருந்து ரத்து செய்ய நம்பகமான ஒருவரிடம் பதிவு எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கப்பலைப் பதிவு செய்த அன்றே பிந்தைய ஹோட்டலையும் போட்டுவிடுங்கள். வசந்த விடுமுறையிலும் ஜூலை 4 வாரத்திலும் மணலை ஒட்டிய அறைகள்தான் முதலில் போகும். முந்தைய இரவுக்கு அவ்வளவு அவசரம் வேண்டாம், அந்த வகை ஹோட்டல்கள் நிறைய இருக்கின்றன. அதற்கும் ரத்து செய்யக்கூடிய விலையே நல்லது, விமான நேரம் மாறினால் மாற்றிக்கொள்ளலாம். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு இரண்டு ஹோட்டலுக்கும் போன் போட்டு, உள்கதவு அறை, பெட்டி வைக்கும் வசதி, துறைமுக வண்டியின் நேரம் மூன்றையும் மறுபடி உறுதி செய்யுங்கள். துறைமுக வண்டியில் காலை 10.30 மணி இருக்கைகள் முதலில் நிரம்பிவிடும் என்பதால், அதை ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்த அன்று இரவே வரவேற்பு மேசையில் பெயர் கொடுத்து எழுதிவிட வேண்டும்.